காற்றுப்பை எடையை மட்டுமே தாங்கும்

என் அண்ணன் பழைய மோட்டார் சைக்கிள்களைச் சீர்செய்து மீண்டும் ஓட வைக்கும் தொழிலில் இருக்கிறார். பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டைப் பக்கம் அவர் வாடகைக்கு எடுத்திருக்கும் வளாகத்தில் மூன்று கொட்டகைகள் உள்ளன. ஒன்றில் வண்டிகளைப் பிரிப்பார்கள், இன்னொன்றில் இன்ஜின் வேலை நடக்கும், மதிலோரக் கொட்டகையில் வண்ணம் அடிப்பார்கள். மைசூரில் செய்யப்பட்ட ஜாவா, எஸ்டி வண்டிகளும் பழைய புல்லட்டுகளும் இந்த மூன்று கொட்டகைகளுக்கும் இடையே ஒரு பழைய பிக்கப்பில்தான் போய் வருகின்றன. இன்ஜின் இறுகிப்போன புல்லட் ஒன்றை அதன் பின்புறம் சரக்கு வைக்கும் இடுப்பு உயரத் தொட்டிக்கு ஏற்றுவதற்கு நான்கு பேர் வேண்டும். ஒருமுறை பலகை நழுவி ஒரு பையனின் கணுக்காலில் அடிபட்ட பிறகுதான் தொட்டியைத் தாழ்த்தியே ஆக வேண்டும் என்று அண்ணன் முடிவு செய்தார்.

தாழ்த்திய முறை எளியது. பின் சக்கரங்களைத் தாங்கும் ஆக்சில், பட்டைக்குக் கீழே, அதாவது வளைந்த எஃகுத் தகடுகளை அடுக்கிய ஸ்பிரிங்குக்குக் கீழே, யூ போல்ட்டில் கட்டியிருந்தது. அதைக் கழற்றிப் பட்டைக்கு மேலே வைத்துக் கட்டினார்கள். ஆக்சில் குழாயின் தடிமனும் பட்டைக்கட்டின் தடிமனும் சேர்ந்த அளவுக்குத் தொட்டி கீழே இறங்கியது. ஏற்றுவது சுலபமாயிற்று, ஆனால் மூன்று வண்டிகளை ஏற்றிக்கொண்டு வளாகத்து வாசலில் உள்ள வேகத்தடையைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஆக்சில் சேஸிஸில் மோதிய சத்தம் மதிலுக்கு வெளியே கேட்டது. "தம்பி, பலூன் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்" என்று அண்ணன் கூப்பிட்டார். நான் பீன்யாவில் இயந்திர உதிரிபாக ஆலை ஒன்றின் வரைபடப் பிரிவில் இருப்பவன். ஒரு ஞாயிறு என்று தொடங்கியது பதினொரு ஞாயிறுகள் ஆயிற்று. அந்த ஞாயிறுகளில் கற்றதைத்தான் எழுதுகிறேன்.

ஸ்பிரிங்குக்குப் பதிலாக வண்டியின் எடையைத் தாங்கும், காற்றடைத்த ரப்பர் பை இது. பஸ் பட்டறைகளில் பெல்லோஸ் என்றும் வெளியில் பலூன் என்றும் சொல்லும் இந்தக் காற்றுப்பையை நம் ஊரில் பலரும் அறியாமலேயே தினமும் பயன்படுத்துகிறோம். நிறுத்தத்தில் வால்வோ பஸ் பயணிகளின் பக்கமாகச் சற்றுக் குனிவது அதனால்தான். அல்சூரில் ஏறி வைட்ஃபீல்டு வரை நான் செல்லும் மெட்ரோ ரயிலில், பெட்டி காலியாக இருந்தாலும் மூச்சுவிட இடமின்றி நிறைந்திருந்தாலும் அதன் தரை நடைமேடையின் மட்டத்திலேயே நிற்பதற்கும் காற்றுப்பைகளே காரணம். எடை கூடினால் காற்று உள்ளே செல்கிறது, குறைந்தால் வெளியேறுகிறது, உயரம் மாறுவதில்லை. ஒரு பட்டை ஸ்பிரிங்கால் இதைச் செய்ய முடியாது.

வேலையைப் பற்றிச் சொல்வதற்கு முன் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களும் பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களும் வேறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. அண்ணனின் பிக்கப் மதிலுக்குள் மட்டுமே ஓடுகிறது. வெளியே போக வேண்டியிருந்தால் ஃபிளாட்பெட் வண்டியின் மேல் ஏறித்தான் போகிறது. சாலையில் ஓட்டும் வண்டியின் சேஸிஸை இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் வெட்ட வேண்டாம் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணனிடம் ஏற்கெனவே ஒரு ஜோடி துணைப் பைகள் வாங்கி வைக்கப்பட்டிருந்தன. இவை பட்டைக்கும் சேஸிஸுக்கும் நடுவே உட்கார்ந்து, பட்டை சுமக்கும் எடையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்பவை, 5 பி.எஸ்.ஐ. முதல் 100 பி.எஸ்.ஐ. வரை காற்றடிப்பது இவ்வகைப் பைகளில் வழக்கம். உயரமான வண்டிக்கு அருமையான பொருள். ஆனால் ஆக்சில் பட்டைக்கு மேலே ஏறிவிட்ட வண்டியில், ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே நான்கு விரல் இடம்கூட மிஞ்சவில்லை. பையை அங்கே திணித்தால் அது முதல் நாளிலிருந்தே முழுக்க நசுங்கிய நிலையில் இருக்கும். அதைவிட முக்கியமாக, துணைப் பை தொட்டியை உயர்த்துமே தவிர, பட்டை நிறுத்தும் உயரத்துக்குக் கீழே இறக்காது. ஏற்றும்போது தொட்டி தாழ வேண்டும், ஓடும்போது உயர வேண்டும் என்பதே அண்ணனின் தேவையாக இருந்ததால், பட்டையை முற்றிலும் எடுத்துவிட்டு முழு எடையையும் பைமேல் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள் என்று நினைக்கிறேன். பட்டை வெறும் ஸ்பிரிங் அல்ல. அது எடையைத் தாங்குகிறது. ஆக்சில் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கிறது. பக்கவாட்டில் விலகாமல் நிறுத்துகிறது. பிரேக் பிடிக்கும்போதும் கியர் போட்டு இழுக்கும்போதும் ஆக்சில் சுழன்றுவிடாமல் தடுக்கிறது. காற்றுப்பை இந்த நான்கில் முதலாவதை மட்டுமே செய்யும். பட்டையை எடுத்த இடத்தில் பையை வைத்தால், ஆக்சிலை மீதி மூன்று வகையில் பிடித்துக்கொள்ள வேறு ஏற்பாடு வேண்டும். சில பட்டறைகளில் மெயின் பட்டையை மட்டும் விட்டுவிட்டு மற்றப் பட்டைகளை உருவிப் பையைப் பொருத்துகிறார்கள். தனித்து நிற்கும் அந்த ஒற்றைப் பட்டை பிரேக் பிடிக்கும்போது எஸ் வடிவத்தில் முறுக்கிக்கொள்ளும். முறுக்கி முறுக்கி ஒரு நாள் உடையும். உடைந்தால் ஆக்சிலைப் பிடிக்க எதுவும் இருக்காது. நாங்கள் நான்கு கம்பி முறையைத் தேர்ந்தோம்: ஆக்சிலைச் சேஸிஸோடு இணைக்கக் கீழே இரண்டு, மேலே இரண்டு நீளக் கம்பிகள், பக்கவாட்டுக்கு ஒரு பான்ஹார்டு கம்பி.

பான்ஹார்டு கம்பியின் ஒரு முனை சேஸிஸிலும் மறுமுனை ஆக்சிலிலும் இருப்பதால், ஆக்சில் ஏறி இறங்கும்போது அது ஒரு வட்டத்தின் வில்லில் நகர்ந்து ஆக்சிலைப் பக்கவாட்டில் இழுக்கும். ஓடும் உயரத்தில் கம்பி படுகிடையாக இருக்கும்படி வைத்து, 80 செ.மீ. நீளம் கொடுத்தால், ஆக்சில் 10 செ.மீ. ஏறும்போது பக்கவாட்டு விலகல் 6 மி.மீ. அளவில் நிற்கிறது. அதே கம்பி 40 செ.மீ. என்றால் விலகல் ஏறக்குறைய 13 மி.மீ. ஆகிவிடும், டயர் தொட்டிச் சுவரை உரசுவதற்கு அது போதும். ஆகவே இடம் கொடுக்கும் மட்டும் நீளமாகவே வைக்க வேண்டும்.

இனிப் பையைத் தேர்வது. கடையில் கேட்கும் முதல் கேள்வி "எந்த வண்டி?" என்பதாக இருக்கும். அந்தக் கேள்விக்கான பதிலை வைத்துப் பையைத் தேர முடியாது. ஒரு பக்கத்துச் சக்கரத்தில் எவ்வளவு எடை, பைக்கு எவ்வளவு இடம், எவ்வளவு ஏற்ற இறக்கம் வேண்டும் என்ற மூன்றும் தெரிய வேண்டும். மூட்டை நிறுக்கும் பிளாட்ஃபாரம் தராசு இரண்டை வாடகைக்கு எடுத்துப் பின் சக்கரங்களுக்கு அடியில் வைத்தோம். வண்டி சாய்ந்தால் எடை இடம் மாறிவிடும் என்பதால், முன் சக்கரங்களையும் அதே உயரப் பலகைகளின் மேல் நிறுத்தினோம். காலியாக இருக்கும்போது பின்பக்கம் மொத்தம் 700 கிலோ காட்டியது. சக்கரங்கள், டிரம்கள், டிஃபரன்ஷியலோடு கூடிய ஆக்சில் ஆகியவற்றின் எடை பைக்குக் கீழே இருப்பதால் பை அதைத் தாங்குவதில்லை. அதற்கு 150 கிலோவைக் கழித்தால் 550, ஒரு பைக்கு 275 கிலோ. மூன்று வண்டிகளும் சாமான்களும் சேர்ந்த 500 கிலோவில் 430 கிலோ பின் ஆக்சில்மேல் விழுந்தது. ஆகச் சுமையோடு ஒரு பைக்கு 490 கிலோ.

பை தாங்கும் எடை என்பது காற்றழுத்தத்தைப் பையின் பயன் பரப்பால், அதாவது காற்று உண்மையில் எடையைத் தூக்கும் பரப்பால், பெருக்கிய அளவு. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த பைக்கு ஓடும் உயரத்தில் பயன் விட்டம் 14 செ.மீ. என்று கொண்டால் பரப்பு 154 சதுர செ.மீ. பையை நேராக ஆக்சில்மேல் வைத்தால் காலி வண்டிக்கு 25 பி.எஸ்.ஐ., சுமைக்கு 45 பி.எஸ்.ஐ. போதும். குறைந்த அழுத்தம் நல்லதுதானே என்று அண்ணன் கேட்டார். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பையின் விறைப்பை முடிவு செய்வது மானி காட்டும் அழுத்தம் அல்ல, வளிமண்டல அழுத்தமும் சேர்ந்த முழு அழுத்தம். எடையைத் தாங்குவதோ மானி காட்டும் அழுத்தம் மட்டுமே. ஆகவே மானி அழுத்தம் குறையக் குறைய, தாங்கும் எடையோடு ஒப்பிடும்போது பை விறைப்பாகிறது. இலேசான வண்டியில் பெரிய பையை வைத்துக் குறைந்த காற்றில் ஓட்டினால், தொட்டி குதிரைபோலத் துள்ளுவதற்கு இது ஒரு காரணம். பெரிய பை என்றால் சொகுசு என்பது கனமான வண்டிகளைப் பார்த்து எழுந்த நம்பிக்கை.

ஆகவே பையை ஆக்சிலின் மேல் வைக்காமல், கீழ்க் கம்பியின்மேல், கம்பியின் முன் முனையிலிருந்து ஆக்சில் வரையுள்ள நீளத்தில் பத்தில் ஆறு பங்குத் தொலைவில் வைத்தோம். அந்த இடத்தில் பைமேல் விழும் எடை கூடுகிறது: சுமையோடு 490 கிலோ என்பது 817 கிலோவாகி, அழுத்தம் 75 பி.எஸ்.ஐ. ஆகிறது, காலியாக 42 பி.எஸ்.ஐ. இதற்கு ஈடாக, பை 1 செ.மீ. அசைந்தால் ஆக்சில் ஏறக்குறைய 1.7 செ.மீ. அசைகிறது, சக்கரத்தில் உணரும் விறைப்பும் குறைகிறது. இந்த அமைப்புக்கு ஒரு விலை உண்டு. கீழ்க் கம்பி இப்போது வெறும் பிடிகம்பி அல்ல, வளைவிசையைச் சுமக்கும் உத்திரம். மேல் கம்பிக்குப் போட்ட அதே குழாயைக் கீழேயும் போட்டால் அது நடுவில் வளைந்துவிடும். நாங்கள் கீழ்க் கம்பிகளுக்குத் தடித்த சுவருள்ள சதுரக் குழாயைப் பயன்படுத்திப் பை உட்காரும் இடத்தில் அடியில் ஒரு பட்டைத் தகட்டையும் வைத்து வெல்டிங் செய்தோம்.

பை வகைகளில் இரண்டு எங்கள் முன் இருந்தன. உறைபோல ஒரே நேராக இருந்து அடியில் உள்ள உருளையின்மேல் உருண்டு இறங்கும் வகை, மெலிந்த விட்டத்தில் நீண்ட ஏற்ற இறக்கம் தரும், நிதானமாக ஓடும். ஆனால் அது தன் அச்சிலிருந்து சாய்வதை விரும்பாது. இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல இருக்கும் இரட்டை மடிப்புப் பை, மேல் தகடும் கீழ்த் தகடும் சற்றுச் சாய்ந்தாலும் பொறுத்துக்கொள்ளும். நசுங்க நசுங்க அதன் பயன் பரப்பு கூடுவதால் கடைசியில் தானே விறைத்துக்கொண்டு தடுக்கும். கம்பியின்மேல் வைக்கும் பை வில்லில் நகர்வதால் சாய்வு தவிர்க்க முடியாதது. எனவே இரட்டை மடிப்பையே எடுத்தோம். ஓடும் உயரத்தில் இரு தகடுகளும் இணையாக இருக்கும்படி தாங்கிகளை அமைத்துவிட்டால், சாய்வு மேலும் கீழும் பாதிப் பாதியாகப் பிரிந்துவிடும்.

எங்கள் பை முழுக்க நசுங்கினால் 7.5 செ.மீ., ஓடும் உயரத்தில் 13 செ.மீ. நசுங்கிய பையே வண்டியைத் தாங்கும் கட்டையாகிவிடக் கூடாது. அதற்கு அரை செ.மீ. முன்பாகவே பம்ப் ஸ்டாப் என்னும் ரப்பர் தடுப்பு ஆக்சிலைத் தொட வேண்டும். அதேபோல வண்டியை ஜாக்கியில் தூக்கும்போது தொங்கும் ஆக்சிலின் எடை பையை இழுத்துக் கிழிக்கக் கூடாது. ஷாக் அப்சார்பர் அதற்கு முன்பே தன் முழு நீளத்தை எட்டி நிறுத்த வேண்டும். இந்த இரு எல்லைகளையும் வைத்த பிறகு, ஓடும் உயரத்திலிருந்து தொட்டி ஏறக்குறைய 8 செ.மீ. இறங்க இடம் கிடைத்தது. அந்த இறக்கத்தில் ஆக்சில் சேஸிஸைத் தொடாமலிருக்க, சேஸிஸின் அடியில் அரைவட்டம் வெட்டி, வெட்டிய வளைவைச் சுற்றி 6 மி.மீ. தகட்டால் பெட்டிபோல மூடிப் பலப்படுத்தினோம். வெல்டிங் நடக்கும் எந்த நாளிலும் பை வண்டியில் இருக்கக் கூடாது. பறக்கும் ஒரு தீப்பொறி போதும், ரப்பர் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நூலிழை வெந்திருக்கும்.

இவ்வளவு கணக்குப் பார்த்த நான் ஓர் இடத்தில் தவறினேன். பையைச் சுற்றியுள்ள இடைவெளியை, காற்றில்லாத பையைத் தாங்கியில் வைத்து அளந்தேன், 2 செ.மீ. இருந்தது, போதும் என்று குறித்துக்கொண்டேன். பை நசுங்கும்போதும் அழுத்தம் ஏறும்போதும் அதன் வயிறு விரியும். மூன்றாவது வாரம் வலப்பக்கப் பையில் மெல்லிய சீறல் கேட்டது. கழற்றிப் பார்த்தால், சேஸிஸ் வளைவின் ஓரத்தில் நான் மழிக்காமல் விட்டிருந்த வெல்டிங் மேடு, விரிந்த பையை ஒவ்வொரு வேகத்தடையிலும் அறுத்திருந்தது. நல்ல வேளையாக அப்போது தொட்டி காலியாக இருந்தது. புதிய பை வாங்கியதும், சுமையை ஏற்றி, பம்ப் ஸ்டாப் தொடும் வரை இறக்கி, அந்த நிலையில் சுற்றிலும் விரலை ஓட்டி அளந்தேன். அளக்க வேண்டிய நிலை அதுதான். எந்தத் திசையிலும் 2 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கும்படி தாங்கியை உள்பக்கம் நகர்த்தி, வெல்டிங் மேடுகள் அனைத்தையும் மழித்தோம். சைலன்சர் குழாய் இடப்பக்கப் பைக்கு அருகில் சென்றதால் நடுவே வெப்பத் தடுப்புத் தகடு ஒன்றையும் வைத்தோம்.

காற்றுக் குழாய் வேலையில் நுணுக்கம் குறைவு, பொறுமை அதிகம் வேண்டும். நைலான் குழாயைக் கத்தரிக்கோலால் வெட்டக் கூடாது. குழாய் வெட்டும் கருவியால் நேராக வெட்டினால்தான் இணைப்பில் காற்று நிற்கும். திருகு இணைப்புகளில் வெள்ளை டேப் சுற்றினால் அதன் துணுக்குகள் வால்வுக்குள் போய் அடைத்துவிடும் என்பதால், திரவப் பசையே நல்லது. கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்று சூடாக இருக்கும். அங்கே உலோகப் பின்னலிட்ட குழாய் வேண்டும், நைலானை நேராகச் செருகக் கூடாது. இடப்பைக்கும் வலப்பைக்கும் தனித்தனி வால்வும் குழாயும் கொடுத்தோம். இரண்டையும் ஒரே குழாயில் சேர்த்தால், திருப்பத்தில் சுமை சாயும் பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடி வண்டி மேலும் சாயும். மழைக்காலத்தில், கம்ப்ரஸர் அடிக்கும் காற்றைச் சேர்த்துவைக்கும் டேங்கின் அடியில் நீர் சேர்வதால், சனிக்கிழமைதோறும் அடிவால்வைத் திறந்துவிடும் பொறுப்பை ஒரு பையனிடம் ஒப்படைத்திருக்கிறார் அண்ணன்.

முதல் இரவுக்குப் பின் டேங்கின் மானி 150 பி.எஸ்.ஐ.-இலிருந்து 144-க்கு இறங்கியிருந்தது. சோப்பு நீரை எல்லா இணைப்புகளிலும் தடவிப் பார்த்தும் ஒரு குமிழி வரவில்லை. மதியம் மானி தானாகவே பழைய இடத்துக்கு ஏறியபோதுதான் விளங்கியது: மாலை வெயிலில் 32 டிகிரியில் அடைத்த காற்று, விடியலில் 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் முழு அழுத்தம் நூற்றுக்கு நான்கு பங்கு குறையும். கசிவைச் சோதிப்பவர்கள் ஒரே வெப்பநிலையில், காலையும் மறு காலையும் பார்ப்பது நல்லது.

கடைசியாக ஒன்றை நான் யாரும் சொல்லாமல் வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோதுதான் கவனித்தேன். நம் பிக்கப்புகள் பலவற்றில் பின் பிரேக்குக்குச் செல்லும் அழுத்தத்தைச் சுமைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று சேஸிஸில் இருக்கும். அதன் கம்பி ஆக்சிலோடு இணைந்திருக்கும். சுமை ஏறினால் சேஸிஸ் தாழும், கம்பி நகரும், பின் பிரேக்கின் பங்கு கூடும். தாழ்த்திய வண்டியில் அந்த வால்வு, தொட்டி காலியாக இருக்கும்போதும் சுமை இருப்பதாக நினைத்துக்கொள்ளும். ஈரத் தரையில் பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வழுக்கும். பை பொருத்தியபின் நிலைமை தலைகீழாகிறது. சுமை ஏறினாலும் காற்றடித்து அதே உயரத்தில் நிறுத்துவதால், வால்வு எப்போதும் காலி வண்டி என்றே நினைக்கும். சுமையோடு நிற்க நீண்ட தூரம் எடுக்கும். கம்பியின் நீளத்தைச் சுமையேற்றிய ஓடும் உயரத்துக்கு ஏற்ப மாற்றி, வளாகத்துக்குள் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று அண்ணன் எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டியிருக்கிறார். எனக்கு அது முழுத் தீர்வாகத் தோன்றவில்லை. பையின் காற்றழுத்தத்தைக் கொண்டே பின் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு காற்றுப்பை வைத்த கனரக வண்டிகளில் இருக்கிறது. அதுபோல ஒன்றை இந்தச் சிறிய வண்டியின் எண்ணெய் பிரேக்குக்குப் பொருத்த வழி தேடிக்கொண்டிருக்கிறேன். அதுவரை முன்பக்கத்துக்கும் பை பொருத்தும் வேலையில் கை வைப்பதில்லை என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன், அவரும் ஒப்புக்கொண்டார்.

போன ஞாயிறு தொட்டியை முழுக்க இறக்கி, ஒரு முழம் பலகையை மட்டும் சாய்த்து, அந்தப் பையன் ஒருவனே ஒரு புல்லட்டை உருட்டி ஏற்றினான். பிறகு கம்ப்ரஸர் ஓடியது, தொட்டி எழுந்தது, வாசல் வேகத்தடையைச் சத்தமில்லாமல் கடந்து வண்ணக் கொட்டகைக்குப் போனது. அன்று மாலையே கம்பி முனைகளின் போல்ட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்த்தோம். இடப்பக்கக் கீழ்க் கம்பியின் பின் போல்ட் கால் சுற்று இறங்கியது.